சேராத மருந்து

மில் விடுதி, வேடசந்தூர்
14.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கீர்த்தனா எழுதிக்கொள்வது. நான் சுகம். உன் முட்டிவலி குறைந்ததா? மாமா சுகமா? கனி ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

நீ சொன்னபடி இனிமேல் போன் செய்ய மாட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை என் குரலைக் கேட்ட பிறகு அவள் இரண்டு நாள் சாப்பிடாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாளாமே, அமலராணி சொன்னாள். மூன்று வயதுப் பிள்ளைக்குப் போனுக்குள் இருக்கிற அம்மா எதற்கு? இங்கேயும் போனை வார்டன் வாங்கி வைத்துக்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமை கொஞ்ச நேரம் கொடுப்பார், அதற்கும் பின்னால் ஆள் வரிசையில் நிற்கும். கடிதமே போதும். அமலராணி தினமும் உங்கள் ஊரிலிருந்து மில் பஸ்ஸில் வந்து போகிறவள். அவளிடம் கொடுத்தால் சாயங்காலமே உன் கைக்கு வந்துவிடும்.

இங்கே ஒரு குறையும் இல்லை. நூல் அறுந்தால் ஒட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. மிஷின் சத்தம் ரூமுக்கு வந்த பிறகும் காதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. அது எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது, வேறு எதுவும் கேட்பதில்லை. கனி அப்பா நத்தம் ரோட்டில் பைக்கோடு விழுந்து உயிர் போய் ஆறு மாதம் ஆகிறது, நீ இன்னும் வாய்விட்டு அழவே இல்லையே என்று கேட்டாய். வரவில்லை அக்கா. வராததை என்ன செய்வது?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கச்சி
கீர்த்தனா


சாணார்பட்டி
21.7.2024

பாசமுள்ள தங்கச்சிக்கு,

அக்கா முத்துப்பேச்சி எழுதுவது. எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் பயப்படாதே, பெரிதாக ஒன்றுமில்லை.

கனிக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். எச்சில் முழுங்கவே அழுதாள். திண்டுக்கல்லுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தொண்டையில் சதை வீங்கிச் சீழ் வைத்திருக்கிறது, கிருமிதான் காரணம் என்று ஒரு மருந்து எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பாட்டிலைத் திறந்தால் உள்ளே மருந்தே இல்லை, வெறும் பவுடர். ஏமாற்றிவிட்டான் என்று உன் மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்குக் கிளம்பிவிட்டார். நான்தான் பிடித்து நிறுத்தினேன். மருந்துக்கடைக்காரர் எனக்கு விவரமாகச் சொல்லித்தான் கொடுத்திருந்தார். பாட்டிலைத் தட்டிப் பவுடரை உதிர்க்க வேண்டும். கொதித்து நன்றாக ஆறிய தண்ணீரைப் பாட்டிலில் போட்டிருக்கிற கோடு வரைக்கும் ஊற்றிக் குலுக்க வேண்டும். நுரை அடங்கியதும் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் இன்னும் கொஞ்சம் ஊற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் குலுக்கிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். மூடியோடு சின்ன அளவுக் கப் வருகிறது, அதைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்து ஊற்றுகிறேன். பிரிட்ஜில் வைக்கச் சொன்னார். நம் வீட்டில் ஏது பிரிட்ஜ்? தண்ணீர்ப் பானைக்கு அடியில் இருக்கிற ஈர மணலில் புதைத்து வைத்திருக்கிறேன், சில்லென்று இருக்கிறது.

மருந்தின் பேர் அமாக்சிசிலின் என்று போட்டிருக்கிறது. எனக்கே வாய்க்குள் நுழையவில்லை. ஆனால் மருந்து அவள் வாய்க்குள் நுழைந்துவிடுகிறது, வாழைப்பழ வாசம் அடிக்கிறது என்று நக்கிக்கூடக் குடிக்கிறாள்.

நம் தோட்டத்து மல்லிகை இப்போது நல்ல வரத்து. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

ஆசியுடன்
முத்துப்பேச்சி


மில் விடுதி, வேடசந்தூர்
23.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். கடிதம் கிடைத்தது. கனிக்குக் காய்ச்சல் விட்டிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இங்கே மில் டிஸ்பென்சரியில் வினோலியா என்று ஒரு நர்ஸ் அக்கா இருக்கிறார்கள். உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். பவுடர் கலக்கியது எல்லாம் ரொம்பச் சரி என்றார்கள். காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடக்கூடாதாம். டாக்டர் சொன்ன அத்தனை நாளும் கொடுத்தால்தான் கிருமி முழுக்கச் சாகும். கலக்கிய மருந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகாது, மிச்சம் இருந்தால் கொட்டிவிட வேண்டும். இன்னொரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தூக்கிக் கொடுத்துவிடாதே. நீ கொடுக்கக்கூடியவள்.

என்னை நினைத்துக் கேட்டாளா? கேட்கவில்லை என்றால் அப்படியே எழுது, பரவாயில்லை.

உன் தங்கச்சி
கீர்த்தனா


சாணார்பட்டி
28.7.2024

பாசமுள்ள தங்கச்சிக்கு,

இங்கே சுகம்தான். நீ சுகமா?

நம் வீட்டுக்கு ஆத்தா வந்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை காலையில் கனியின் வயிற்றில் செக்கச்செவேல் என்று பொரிந்திருந்தது. மதியத்துக்குள் முதுகு, தொடை, முகம் எல்லாம் வந்துவிட்டது. ஆடி மாசத்து வெள்ளிக்கிழமையில் வந்தால் யாராக இருக்கும்? அம்மைதான். வாசலில் வேப்பிலை சொருகிவிட்டேன். பாயில் வேப்பிலை பரப்பித்தான் படுக்க வைத்திருக்கிறேன். தாளிப்பது இல்லை, எண்ணெய் இல்லை, இளநீரும் மோருமாகக் கொடுக்கிறேன். மருந்தை அன்றைக்கே நிறுத்திவிட்டேன். ஆத்தா இருக்கிற உடம்பில் இங்கிலீஷ் மருந்து கொடுக்கலாமா?

உனக்கு மனசு அடித்துக்கொள்ளும் என்று தெரியும். இருந்தாலும் அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும் நீ இங்கே வர வேண்டாம். ஏன் என்று கேட்காதே.

ஆசியுடன்
முத்துப்பேச்சி


மில் விடுதி, வேடசந்தூர்
30.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம்.

வரவில்லை. ஏன் என்று கேட்கவும் இல்லை. புருஷன் போய் வருஷம் திரும்பாதவள் அம்மை போட்ட வீட்டுப் படி ஏறக்கூடாது, அதானே? நீ அதை எழுதாமல் விட்டாய். அந்த மட்டுக்கும் நல்லது.

ஒன்று மட்டும் பார்த்துச் சொல். வினோலியா அக்கா கேட்கச் சொன்னார்கள். பொரிந்திருப்பது நீர் கோத்த கொப்புளமா, இல்லை தண்ணீர் இல்லாத வெறும் தடிப்பா? கனி சொறிகிறாளா? சில பிள்ளைகளுக்கு அந்த மருந்தே சேராமல் இப்படித் தடிக்குமாம். அப்படி என்றால் மறுபடி அதைக் கொடுக்கவே கூடாது, இரண்டாவது தடவை உயிருக்கே ஆபத்தாகிவிடும் என்கிறார்கள். எதுவாக இருந்தாலும் டாக்டரிடம் கொண்டு போய்க் காட்டு, பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போ.

பதில் எழுது.

உன் தங்கச்சி
கீர்த்தனா


சாணார்பட்டி
18.8.2024

பாசமுள்ள தங்கச்சிக்கு,

எல்லாரும் சுகம். ஆத்தா இறங்கிவிட்டாள். கனிக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. ஒரு தழும்பு இல்லை, ஒரு பொருக்கு இல்லை, ஆத்தா வந்த சுவடே தெரியாமல் போய்விட்டாள். ஊரே ஆச்சரியப்படுகிறது.

உன் நர்ஸ் கேட்டதற்குப் பதில். கொப்புளம் இல்லை, சொறிந்தாள். அதனால் என்ன? ஒவ்வொரு பிள்ளைக்கு ஒவ்வொரு மாதிரி வருவாள். டாக்டரிடம் போகவில்லை. அம்மை இறங்கிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, அது உங்கள் மருந்தா எங்கள் ஆத்தாவா என்று போய்க் கேட்கச் சொல்கிறாயா? வினோலியா கோயிலுக்குப் போகிற பிள்ளை இல்லை, சர்ச்சுக்குப் போகிற பிள்ளை. அவளைக் குற்றம் சொல்லவில்லை. நீ ஆத்தாளை மருந்து என்று சொல்லாதே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு உயிர் போயிருக்கிறது.

மாசித் திருவிழாவுக்குத் தீச்சட்டி எடுக்கிறேன் என்று வேண்டியிருக்கிறேன். பூச்சொரிதலுக்கு ஒரு நாள் பூ முழுக்க நம் தோட்டத்துப் பூ.

நீ கேட்டாயே என்று எழுதுகிறேன், கனி முன்பு போல உன்னை அவ்வளவாகக் கேட்பதில்லை. அமலராணியின் பஸ் ஆரன் சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து பார்க்கிறாள்.

ஆசியுடன்
முத்துப்பேச்சி


மில் விடுதி, வேடசந்தூர்
25.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீங்கள் எல்லாரும் சுகமா?

தீபாவளிக்கு வரவில்லை. துக்க வருஷம், நமக்குத் தீபாவளி இல்லை. எல்லாரும் ஊருக்குப் போகிறார்கள், நான் இருக்கிறேன் என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன். வர முடியாது என்று இல்லை. வந்தால் திரும்பிப் போக வேண்டும், அதை என்னால் செய்ய முடியாது. வராமல் இருப்பது சுலபமாக இருக்கிறது. இப்படி எழுதுகிற நான் எப்படிப்பட்ட அம்மா என்று யோசித்துப் பார்த்தேன். யோசனை பாதியிலேயே நின்றுவிட்டது, ஷிப்ட் மணி அடித்துவிட்டது.

கனிக்கு ஒரு பாவாடை சட்டை அமலராணியிடம் கொடுத்து அனுப்புகிறேன். கொஞ்சம் பெரிதாகத்தான் எடுத்திருக்கிறேன், எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று தெரியவில்லை.

உன் தங்கச்சி
கீர்த்தனா


மில் விடுதி, வேடசந்தூர்
12.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். சுகமா?

மார்கழி பிறந்ததிலிருந்து உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அமலராணியிடம் கேட்டால் "எல்லாம் நல்லாருக்காக" என்கிறாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை, டிபன் பாக்ஸைப் பார்க்கிறாள். "ஏடி, எம்பிள்ளைக்கு என்னடி?" என்று நேற்று கையைப் பிடித்துக் கேட்டேன். "உங்க அக்கா எழுதுறேன்னு சொல்லிருக்காக, என்னையக் கேக்காத" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

அவர் போன அன்றைக்கும் எல்லாரும் இப்படித்தான் வேறெங்கோ பார்த்துக்கொண்டு பேசினார்கள். எனக்குத் தெரியும் அக்கா, அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

பிள்ளை இருக்கிறாளா, இல்லையா? அதை மட்டும் எழுது.

கீர்த்தனா


சாணார்பட்டி
14.1.2025

தங்கச்சிக்கு,

இருக்கிறாள். முதலில் அதைப் படித்துக்கொள். கனி இருக்கிறாள், இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டிருக்கிறாள். இனி மிச்சத்தைப் படி.

மார்கழி ஆரம்பத்தில் காது வலி, சீழ் வந்தது. திண்டுக்கல்லுக்குப் போனோம். முன்பு பார்த்த டாக்டர் இல்லை, வேறொருவர். நல்ல மனுஷன், நிதானமாகத்தான் கேட்டார். "இதுக்கு முன்னாடி பாப்பாவுக்கு ஏதாச்சும் மருந்து ஒத்துக்காமப் போயிருக்காம்மா? உடம்புல தடிச்சிருக்கா?"

உன் கடிதம் எனக்கு ஞாபகம் வந்தது. வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் ஆத்தா வந்தது பொய் என்று ஆகிவிடும், நான் வேண்டிய வேண்டுதலும் பொய்யாகிவிடும், அவள் கோபித்துக்கொண்டால் இந்தப் பிள்ளையையும் எடுத்துக்கொள்வாள் என்று பயந்தேன். "அதெல்லாம் இல்லைங்க சார்" என்றேன். அதே மருந்தை எழுதினார்.

வீட்டுக்கு வந்து தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றினேன். கோடு வரைக்கும் ஊற்றிக் குலுக்கினேன். கப்பைக் கண்ணுக்கு நேராக வைத்து அளந்தேன். ஒன்றிலும் தப்பில்லை கீர்த்தனா, எல்லாம் கடைக்காரர் சொல்லிக் கொடுத்தபடியே செய்தேன். செத்த நேரத்தில் உதடு வீங்கியது. கண் மூடிக்கொண்டது. மூச்சு விசில் மாதிரி வந்தது. ஆட்டோக்காரன் ஒச்சப்பன் வாசலில் பூ ஏற்றிக்கொண்டு நின்ற ஆட்டோவில் இருந்து மூட்டைகளை ரோட்டில் தள்ளிவிட்டு எங்களை ஏற்றினான். ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்டு மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று அந்த நர்ஸ் ஆரம்பித்தாள், முடிக்கவில்லை. மூன்றாம் நாள், இந்த மருந்து பிள்ளைக்குச் சேராது என்று டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து வீட்டுக்கு விட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் உன் வார்டன் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் புருஷன் போனதைப் போனில் உன்னிடம் சொன்னது நான்தான். நீ "சரி" என்று மட்டும் சொன்னாய். அந்தச் சரியை இன்னொரு தடவை என்னால் கேட்க முடியவில்லை.

என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

முத்துப்பேச்சி


மில் விடுதி, வேடசந்தூர்
2.2.2025

அக்காவுக்கு,

நான் சுகம். கனி சுகமாக இருப்பாள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஷிப்டுக்குப் போனேன். நூல் அறுந்தது, ஒட்டினேன். எவ்வளவு அறுந்ததோ அவ்வளவையும் ஒட்டினேன். அதற்குப் பிறகு எழுத உட்கார இத்தனை நாள் ஆகிவிட்டது.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. சொல்லாமல் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். நான் எழுதியதைப் படித்துவிட்டும் இல்லை என்று சொன்னாயே. ஆனால் அந்த டாக்டர் கேட்ட கேள்வி பெற்றவளிடம் கேட்க வேண்டிய கேள்வி. நான் அங்கே இல்லை. கோபம் அங்கே போய் நின்றுவிடுகிறது.

தீச்சட்டி எடு. வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பிள்ளை இருக்கிறாள், ஆத்தா அதற்காக வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் ஒன்று செய். அந்த மருந்து சேராது என்று டாக்டர் கொடுத்த சீட்டைப் பத்திரமாக வை, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் அதை நீட்டு. மருந்துக்கடையிலும் சொல். அவளுக்கும் சொல்லிக் கொடு. தெரியாத ஆள் யாராவது அவளிடம் பேசினால் பேரைச் சொல்லி, இந்த மருந்து எனக்குச் சேராது என்று சொல்லப் பழக்கு. நீயும் நானும் பக்கத்தில் இல்லாத இடத்திலும் அது அவள் வாயில் இருக்க வேண்டும்.

உன் முட்டிவலிக்குத் தைலம் வாங்கினேன், அமலராணியிடம் கொடுத்திருக்கிறேன்.

கீர்த்தனா


சாணார்பட்டி
23.2.2025

பாசமுள்ள தங்கச்சிக்கு,

எல்லாரும் சுகம். தைலம் நன்றாகக் கேட்கிறது.

எனக்கு வாய்க்குள் நுழையாத பேர் உன் மகள் வாய்க்குள் நுழைந்துவிட்டது. மூன்று நாளில் பழகிவிட்டாள். இப்போது அவளை நிறுத்தத்தான் முடியவில்லை. ஐஸ்காரரிடம் சொல்கிறாள். டவுன் பஸ் கண்டக்டரிடம் சொல்லிவிட்டாள், அவர் பயந்துபோய் டிக்கெட்டே கேட்கவில்லை. வழி தப்பி வந்த வெள்ளாட்டுக் குட்டியிடம்கூடச் சொன்னாள். என்னிடமோ மாமாவிடமோ அமலராணியிடமோ சொல்வதில்லை. கேட்டால், "ஒனக்குத்தான் தெரியுமே" என்கிறாள். தெரியாதவர்களுக்கு மட்டும்தானாம்.

வருஷம் திரும்பிவிட்டது. இனி நீ வரலாம் என்று எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது, உன் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு நீ வர நான் யார் நாள் குறிக்க? ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. நான் அவள் கையிலேயே கொடுக்கிறேன்.

ஆசியுடன்
முத்துப்பேச்சி


மில் விடுதி, வேடசந்தூர்
2.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம் என்று இந்தத் தடவை எழுதவில்லை.

இன்றைக்குப் போனில் பேசினேன் அல்லவா? கனி என்ன சொன்னாள் என்று நீ கேட்டதற்கு, நல்லாப் பேசினா என்று சொல்லிவிட்டு, பின்னால் ஆள் நிற்கிறது என்று வைத்துவிட்டேன். பின்னால் யாரும் நிற்கவில்லை.

"அலோ" என்றாள். குரல் பெரிய பிள்ளை மாதிரி மாறியிருக்கிறது. "கனி, அம்மா பேசுறேன்டா" என்றேன். மூச்சு மட்டும் கேட்டது. மூச்சு நன்றாக வருகிறது அக்கா, விசில் இல்லை, அதைக் கவனித்தேன். பிறகு, "எம்பேரு கனிஷ்கா. எனக்கு அமாக்சிசிலின் மருந்து சேராது" என்றாள். ஒரு எழுத்துப் பிசகவில்லை. நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறாய். "நல்ல பிள்ள" என்றேன். உன்னிடம் போனைக் கொடுத்துவிட்டாள்.

ரூமுக்கு வந்து உட்கார்ந்தேன். மிஷின் சத்தம் காதில் இல்லை. எப்போது நின்றது என்று தெரியவில்லை. அழுதேன். அவருக்காக அழாததையும் சேர்த்து அழுதேன், பக்கத்துக் கட்டில் பிள்ளை ஓடிப்போய் வினோலியா அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை அமலராணியோடு மில் பஸ்ஸில் வாரேன். என்னைக் கண்டதும் உன் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பாள், என்னிடமும் அதையே சொல்வாள். சொல்லட்டும், நீ தடுக்காதே, இது அம்மாடி என்று எடுத்துக் கொடுக்காதே. தெரிந்தவர்களிடம் அவள் அதைச் சொல்வதில்லை என்று எழுதியிருந்தாய். என்னிடம் சொல்லாமல் விடுகிற வரைக்கும் நான் அங்கேதான் இருப்பேன்.

உன் தங்கச்சி
கீர்த்தனா